நாட்டைக் குறை சொன்னால் நாட்டுப்பற்று போய்விடுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட்டைப் பற்றி ஒரு குறையைச் சொல்லிப் பாருங்கள். திரும்பி வரும் கேள்விகள் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அவற்றில் சில உண்மையான குழப்பத்தில் எழுபவை. சில, எதிரில் இருப்பவர் வாயை அடைக்கவே கேட்கப்படுபவை. இரண்டு வகைக்கும் இங்கே பதில் சொல்லப் பார்த்திருக்கிறேன். நடுவில் நின்று பேசுவதாகப் பாவனை செய்யவில்லை. எனக்கு ஒரு நிலைப்பாடு உண்டு, படிக்கப் படிக்க அது தெரிந்துவிடும்.

நாட்டை உண்மையிலேயே நேசிக்கிறவர் அதைக் குறை சொல்வாரா?

சொல்வார். வேறொரு நாட்டில் நடந்த அநியாயத்தைச் செய்தியில் பார்த்தால் கோபம் வரும், பரிதாபம் வரும். வெட்கம் வருமா? வராது. அதே அநியாயத்தைச் சொந்த நாடு செய்தால் தலை குனிகிறது. நான் செய்யவில்லை, செய்யச் சொல்லவும் இல்லை. ஆனாலும் வெளியாள் ஒருவர் அதைப் பற்றிக் கேட்கும்போது முகத்தைப் பார்த்துப் பேச முடிவதில்லை. இந்தக் கூச்சம் அந்நியனுக்கு வராது. பற்று இருக்கிறதா என்று உரசிப் பார்க்க, பெருமையைவிட இந்த வெட்கம்தான் நல்ல உரைகல் என்பது என் வாதம்.

பெருமை சுலபமானது. நாடு அனுப்பிய விண்கலம் போய்ச் சேர்ந்தால் மார்தட்டிக்கொள்கிறோம். அதில் ஒரு திருகாணியைக்கூட நாம் முடுக்கியதில்லை. முன்னோர் கட்டியதற்கும் எழுதியதற்கும் வென்றதற்கும் நாம் உரிமை கொண்டாடுகிறோம். கொண்டாடலாம், தப்பில்லை. ஆனால் வரவையெல்லாம் என் பேரில் எழுது, செலவை மட்டும் வேறு யார் பேரிலாவது எழுது என்றால் எந்தக் கணக்கப்பிள்ளையும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வில்லி பிராண்ட் 1970 டிசம்பர் 7 அன்று போலந்தின் தலைநகர் வார்சாவில் செய்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அப்போது அவர் மேற்கு ஜெர்மனியின் பிரதமர். நாஜிகளை எதிர்த்து எழுந்து அழிக்கப்பட்ட யூதச் சேரி மக்களின் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தார், நாடாவைச் சரிசெய்தார், பிறகு யாரும் எதிர்பாராமல் ஈரத் தரையில் மண்டியிட்டார். அவர் நாஜிகளோடு ஒரு நாளும் இருந்தவர் அல்லர். 1933-இலேயே நாட்டைவிட்டு வெளியேறி நார்வேயிலும் ஸ்வீடனிலும் இருந்தபடி ஹிட்லரை எதிர்த்தவர். நாஜி அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. நாடு திரும்பிய பிறகும் தேர்தல் மேடைகளில் அவரை ‘ஓடிப்போனவர்’ என்று ஏசியவர்கள் இருந்தார்கள். மன்னிப்புக் கேட்கும் கடன் அவருக்குச் சொந்தமாக எதுவுமே இல்லை. அப்படியும் மண்டியிட்டார். ஒரு வார இதழ் எடுத்த கருத்துக் கணிப்பில், அவர் செய்தது மிகை என்று 48 சதவீதம் ஜெர்மானியரும் சரிதான் என்று 41 சதவீதம் பேரும் சொன்னார்கள். அந்த 48 சதவீதத்தினரும் தங்களை நாட்டுப்பற்றாளர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அரசாங்கத்தை எதிர்ப்பது நாட்டை எதிர்ப்பதுதானே?

இல்லை. அரசாங்கம் ஐந்தாண்டிலோ நான்காண்டிலோ மாறும். நாடு என்பது மக்கள், நிலம், மொழிகள், சட்டம், இனிப் பிறக்கப்போகிறவர்கள் எல்லாம் சேர்ந்தது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதில் ஆட்சியில் இருப்பவர்களுக்கு எப்போதும் லாபம் உண்டு. இன்றைய எதிர்க்கட்சி நாளை ஆளுங்கட்சியானால் அதுவும் இதையே செய்யும். கட்சி பார்த்துச் சொல்லவில்லை.

1922 மார்ச் 18 அன்று அகமதாபாத்தில் காந்தி மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார். கூடவே, பாசத்தைச் சட்டம் போட்டு உண்டாக்க முடியாது என்றார். வன்முறைக்குத் தூண்டாதவரை, ஒரு ஆட்சிமீது அன்பில்லாதவர் அதை முழுமையாக வெளியே சொல்லும் சுதந்திரம் வேண்டும் என்றும் வாதிட்டார். ஆறாண்டுச் சிறை கிடைத்தது. அவரைத் தண்டித்த, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு, பிரிட்டிஷார் 1870-இல் சேர்த்தது. சுதந்திர இந்தியா அதை அப்படியே வைத்துக்கொண்டது. 1962-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொன்னாலும், அரசை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் அது மட்டுமே ராஜத்துரோகம் ஆகாது, வன்முறையோ பொது அமைதிக் குலைவோ தூண்டப்பட வேண்டும் என்று எல்லை வகுத்தது. சட்டத்தைக் கொண்டுவந்த பிரிட்டனோ தன் மண்ணில் அந்தக் குற்றத்தையே 2009-இல் சட்டம் இயற்றி நீக்கிவிட்டது.

“சரியோ தவறோ, என் நாடு என் நாடுதான்” என்பதில் என்ன தப்பு?

முழுதாகச் சொன்னால் அவ்வளவு தப்பில்லை. பாதியாகச் சொல்வதுதான் சிக்கல். 1816-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஸ்டீபன் டெக்கேட்டர் ஒரு விருந்தில் மதுக்கிண்ணம் உயர்த்திச் சொன்னதிலிருந்து வந்த வாசகம் இது. அயல்நாடுகளோடு பழகும்போது நம் நாடு எப்போதும் நியாயத்தின் பக்கம் இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுத்தான், சரியோ தவறோ நம் நாடு என்று முடித்தார். முன்பாதி மறந்துபோய்ப் பின்பாதி மட்டும் நிலைத்துவிட்டது.

1872 பிப்ரவரி 29 அன்று அமெரிக்க செனட்டில், அரசை விமர்சித்துக்கொண்டிருந்த கார்ல் ஷூர்ஸ் மீது இதே வாசகத்தை வீசினார் இன்னொரு உறுப்பினர். ஷூர்ஸ் ஜெர்மனியில் பிறந்தவர், 1848 புரட்சியில் கலந்துகொண்டு தப்பி வந்தவர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்தவர். அவர் சட்டென்று சொன்ன பதில்: “சரியோ தவறோ என் நாடுதான். சரியாக இருந்தால் சரியாகவே வைத்திருக்க வேண்டும். தவறாக இருந்தால் திருத்த வேண்டும்.” வந்தேறி என்று சுலபமாகத் தட்டிக்கழிக்கக்கூடிய ஆள் சொன்ன பதில் இது என்பதை நான் ரசிக்கிறேன்.

“தேசபக்தி அயோக்கியனின் கடைசிப் புகலிடம்” என்று ஒரு அறிஞரே சொல்லியிருக்கிறாரே?

ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன், 1775. அவர் தாக்கியது நாட்டின்மேல் இருக்கும் அன்பை அல்ல, சுயநலத்துக்குப் போர்த்திக்கொள்ளும் போர்வையைத்தான் என்று அதைப் பதிவு செய்த அவருடைய நண்பரே விளக்கம் கொடுத்திருக்கிறார். நாட்டுப்பற்று என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் இந்த வரியை இனி கொஞ்சம் குறைவாகப் பயன்படுத்தலாம்.

குறையை வெளியே சொன்னால் எதிரி அதைப் பயன்படுத்திக்கொள்ள மாட்டானா?

பயன்படுத்துவான். இதை மறுப்பதில் பொருளில்லை. ஆனால் எதிரியின் கையில் ஆயுதம் கொடுத்தது யார்? அநியாயத்தைச் செய்தவரா, சொன்னவரா?

பனிப்போர்க் காலத்து அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாக விடை தேடினார்கள். கறுப்பினத்தாரைத் தனிப் பள்ளியிலும் பேருந்தின் பின்னிருக்கையிலும் வைத்திருந்த காலம் அது. சோவியத் பிரசாரத்துக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. முதல் வழி, அதைப் பற்றி வெளிநாட்டில் பேசுகிறவரை அடக்குவது. கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டை 1950-இல் ரத்து செய்தார்கள். எட்டாண்டு அது அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் பிரசாரம் நின்றதா? பாஸ்போர்ட்டைப் பறித்ததே இன்னொரு பிரசாரச் செய்தியாயிற்று.

இரண்டாவது வழி வேறு. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோது, 1952 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறையே ஒரு மனு போட்டது. இந்தப் பாகுபாடு கம்யூனிஸ்ட் பிரசாரத்துக்குத் தீனி போடுகிறது, நட்பு நாடுகளுக்கே நம் ஜனநாயகத்தின் மீது சந்தேகம் வருகிறது, ஆகவே இதை ஒழிக்க வேண்டும் என்றது அரசின் வாதம். 1954-இல் அந்தப் பள்ளிப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எதிரி பார்க்கிறான் என்ற ஒரே கவலையை வைத்துக்கொண்டு ஒருவர் வாயைப் பூட்டலாம், இன்னொருவர் பள்ளிக் கதவைத் திறக்கலாம். எதைத் தேர்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

போர் நடக்கும்போதாவது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா?

படை நகர்வு, கப்பல் போகும் பாதை போன்றவற்றை வெளியிடக் கூடாது. அதில் எனக்கும் மறுப்பில்லை. அதைத் தாண்டி, போர்க்காலத்தில்தான் தவறான தலைமைக்கு விலை அதிகம். எனவே அப்போதுதான் விமர்சனம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

1940 மே 7, 8 தேதிகளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நடந்ததைப் பாருங்கள். நார்வேயில் ஜெர்மானியரிடம் அடி வாங்கிக்கொண்டிருந்த நேரம். கடற்படைத் தளபதியாக இருந்த ஆளுங்கட்சி உறுப்பினர் ராஜர் கீஸ், பதக்கங்களோடு முழுச் சீருடையில் வந்து, போர் நடத்தப்படும் லட்சணத்தைப் பற்றிப் பேசினார். அதே கட்சியின் லியோ ஏமரி, தன் பிரதமர் சேம்பர்லினைப் பார்த்து, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக்கு முன் நாடாளுமன்றத்தைக் கலைத்த கிராம்வெல்லின் சொற்களை எடுத்துச் சொன்னார்: “நீங்கள் இங்கே உட்கார்ந்திருந்தது போதும். கடவுளின் பேரால் சொல்கிறேன், போய்விடுங்கள்.” வாக்கெடுப்பில் அரசு 281-க்கு 200 என்று வென்றது. ஆனாலும் சொந்தக் கட்சியினரே எதிர்த்து வாக்களித்திருந்ததால், மே 10 அன்று சேம்பர்லின் விலகினார். அடுத்து வந்தவர் சர்ச்சில். (தோற்ற நார்வே படையெடுப்பில் கடற்படைப் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது என்பது வரலாற்றின் குறும்பு.) ஜெர்மனியில் அப்போது இப்படி ஒரு விவாதம் நடந்திருக்கவே முடியாது. ஸ்டாலின்கிராடில் ஒரு முழுப் படையே சிக்கியபோதும் ஹிட்லரிடம் ‘போய்விடுங்கள்’ என்று சொல்ல அங்கே சபையே கிடையாது.

இதற்கு நேர்மாறாக, 1918 ஜூனில் ஒஹாயோ மாநிலத்தில் போரை எதிர்த்துப் பேசியதற்காக சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது அமெரிக்கா. அவர் 1920-இல் சிறையிலிருந்தே குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் விடுதலை செய்துவிட்டார்கள்.

ராணுவத்தைக் கேள்வி கேட்பது வீரர்களை அவமதிப்பது ஆகாதா?

கேள்வி கேட்டவரே ராணுவ அதிகாரியாக இருந்த கதை ஒன்று உண்டு. 1894-இல் ஜெர்மனிக்கு உளவு சொன்னதாக ஆல்ஃப்ரெட் ட்ரைஃபஸ் என்ற யூத அதிகாரியைப் பிரெஞ்சு ராணுவம் தண்டித்துத் தீவாந்தரம் அனுப்பியது. பிறகு உளவுப் பிரிவின் தலைமைக்கு வந்த ஜார்ஜ் பிக்கார் என்ற அதிகாரி, 1896-இல் வேறொரு விவகாரத்தைத் துருவும்போது எஸ்தர்ஹாசி என்பவரின் கையெழுத்தைப் பார்க்க நேர்ந்தது. ட்ரைஃபஸ் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதத்தை எடுத்து அருகில் வைத்தார். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது.

பிக்காருக்கு யூதர்கள்மீது பிரியம் எதுவும் கிடையாது. ட்ரைஃபஸையும் அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் மேலதிகாரிகளிடம் போய், தப்பான ஆளைத் தண்டித்துவிட்டோம் என்றார். ராணுவத்தின் மானம் போய்விடும் என்று அவரைத் துனிசியாவுக்கு மாற்றினார்கள். அவருக்குக் கீழே இருந்த ஆன்ரி என்ற அதிகாரி பழைய தீர்ப்பைக் காப்பாற்ற ஒரு பொய் ஆவணத்தையே தயாரித்தார். 1898 ஜனவரி 13 அன்று நாவலாசிரியர் எமில் ஸோலா பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதிக் குட்டை உடைத்தார். அவதூறு வழக்கில் தண்டனை கிடைத்ததும் அவர் இங்கிலாந்துக்கு ஓட வேண்டியிருந்தது. பிக்காரையும் படையிலிருந்து நீக்கிச் சிறையில் போட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆன்ரியின் மோசடி வெளிப்பட்டது. 1906-இல்தான் ட்ரைஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. பிக்கார் அதே ஆண்டு போர் அமைச்சரானார். ட்ரைஃபஸ், தன்னை இவ்வளவு வதைத்த அதே நாட்டுக்காக முதல் உலகப் போரில் பணியாற்றினார்.

படையின் மானத்தைக் காப்பாற்றியது யார்? பொய் ஆவணம் செய்தவரா, துனிசியாவுக்குத் தூக்கியடிக்கப்பட்டவரா? மானம் என்ற பேரில் மூடி வைத்தது பன்னிரண்டு ஆண்டு அந்த நாட்டையே இரண்டாகப் பிளந்தது.

குறையை மட்டும்தான் சொல்கிறீர்கள். நாட்டில் நல்லதே இல்லையா?

இருக்கிறது. சொல்லவும் வேண்டும். புறநானூற்றின் 35-ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர் சோழன் கிள்ளிவளவனிடம் வரி பற்றி முறையிடப் போகிறார். எடுத்த எடுப்பில் நாட்டைப் பாடுகிறார்: காவிரி, கரும்பு, நாடென்றால் உன் நாடுதான் என்று. பிறகு மெல்ல விஷயத்துக்கு வருகிறார். உன் குடை வெயிலை மறைக்கப் பிடித்தது அல்ல, வருந்தும் குடிமக்களுக்கு நிழல் தரப் பிடித்தது என்கிறார். உன் படை பெற்ற வெற்றி, உழுபடை நிலத்தில் ஊன்றியதால் விளைந்தது என்கிறார். மழை பொய்த்தாலும் விளைச்சல் குறைந்தாலும் உலகம் ஆள்பவரைத்தான் பழிக்கும் என்கிறார். அரசன் கோபித்துக்கொள்ளவில்லை. பழைய நிலவரிக் கடனைத் தள்ளுபடி செய்தான் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது.

ஆகப் பாராட்டும் குறையும் ஒரே வாயில் வரலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் பாராட்டை நுழைவுக் கட்டணம் போலச் செலுத்தினால்தான் பேச விடுவோம் என்பதை ஏற்க முடியாது. நாகனார் அரசவையில் நின்றார், அவருக்கு அது தேவைப்பட்டது. குடியாட்சியில் வரி கட்டுகிறவர் நேராக விஷயத்துக்கு வரலாம்.

தீர்வு சொல்லத் தெரியாதவர் குறை சொல்லலாமா?

சொல்லலாம். பாலம் ஆடுகிறது என்று சொல்ல இன்ஜினியராக இருக்க வேண்டியதில்லை.

அந்த நாட்டில் இதைவிட மோசமாக நடக்கிறதே, அதைப் பற்றிப் பேசுவதுதானே?

பேசலாம், பலர் பேசுகிறார்கள். ஆனால் என் வரிப்பணத்தில், என் வாக்கில், என் பேரைச் சொல்லி நடப்பது இங்கேதான். இங்கே நான் கத்தினால் ஏதாவது மாறும் வாய்ப்பாவது உண்டு. மோசமான நாட்டை அளவுகோலாக வைத்துத் தன் நாட்டுக்குத் தேர்ச்சி மதிப்பெண் போடுகிறவர், தன் நாட்டைப் பற்றி ரொம்பக் குறைவாகத்தான் நினைக்கிறார்.

வெளிநாட்டில் சொகுசாக இருந்துகொண்டு சொந்த நாட்டைப் பேச உரிமை இருக்கிறதா?

உரிமை இருக்கிறது. நம்பத் தகுந்ததா என்பது பேசும் விதத்தைப் பொறுத்தது. தூரத்தில் இருப்பவருக்கு ஆபத்து குறைவு, அன்றாட நடப்பு பற்றிய தகவலும் குறைவு. இரண்டையும் அவர் மறக்கக் கூடாது. ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மான் நாஜி அரசால் குடியுரிமை பறிக்கப்பட்டு அமெரிக்காவில் இருந்தார். 1940 முதல் பிபிசி வழியாக ஜெர்மானியரிடம் பேசினார், குண்டு விழுந்துகொண்டிருந்த நகரங்களிடமும் பேசினார். போர் முடிந்த மாதத்தில் வாஷிங்டனில் ஆற்றிய உரையில், நல்ல ஜெர்மனி, கெட்ட ஜெர்மனி என்று இரண்டு கிடையாது, இருப்பது ஒன்றுதான், அதன் சிறந்தவையே தீமையாகத் திரிந்தன என்றார். நல்ல ஜெர்மனி நான், கெட்டது அவர்கள் என்று பிரித்துக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். அமெரிக்கக் கூட்டம் கைதட்டியிருக்கும். அவர் தன்னையும் அந்தக் கணக்கில் சேர்த்தே பேசினார்.

அப்படியானால் எந்த விமர்சனமும் நாட்டுப்பற்றுதானா?

இல்லவே இல்லை. “இந்த நாடு உருப்படாது, இந்த ஜனங்களே இப்படித்தான்” என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்காருபவரை நான் விமர்சகர் என்று கணக்கில் எடுப்பதில்லை. அது சோம்பல். எல்லாமே மோசம் என்றால் எதையும் திருத்த வேண்டியதில்லை, தனக்கும் வேலையில்லை. விமர்சிப்பவர் இன்ன சட்டம், இன்ன அதிகாரி, இன்ன தீர்ப்பு என்று விரல் வைத்துக் காட்டுவார். கூட வாழ்பவர்களை ஏளனம் செய்ய மாட்டார். தன் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகும் அதே கேள்வியைக் கேட்பார். கடைசிச் சோதனையில் பெரும்பாலானோர் தோற்றுப்போகிறோம்.

கொடிக்கு வணக்கம் வைக்காதவரை, தேசிய கீதம் பாடாதவரை எப்படி எடுத்துக்கொள்வது?

எனக்குக் கீதம் பாடப் பிடிக்கும். அடுத்தவர் உதட்டைக் கவனித்துக்கொண்டே பாடப் பிடிக்காது. அமெரிக்காவில் மத நம்பிக்கை காரணமாகக் கொடிக்கு வணக்கம் வைக்காத பள்ளிப் பிள்ளைகளின் வழக்கில், வணங்கும்படி கட்டாயப்படுத்தலாம் என்று 1940-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்றே ஆண்டில், 1943 ஜூன் 14 அன்று, உலகப் போரின் நடுவில், அதைத் தானே மாற்றிக் கட்டாயம் செல்லாது என்றது. இந்தியாவிலும் 1986-இல் இதேபோல ஒரு வழக்கு வந்தது. கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்று, ஆனால் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பேசினால் சண்டை வருகிறதே?

வரும். மாமாவும் சித்தப்பாவும் அங்கே கருத்தை மாற்றிக்கொண்டதாக எனக்குத் தெரிந்து சரித்திரம் இல்லை. பத்துப் பேர் பார்க்க ஒருவரை மடக்கினால் அவர் இன்னும் இறுகத்தான் செய்வார். நேரில், தனியாக, ஒரு குறிப்பிட்ட சம்பவத்தை மட்டும் எடுத்துப் பேசிப் பாருங்கள். “நாடு” என்ற பெரிய சொல்லைக் கீழே வைத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

எங்கள் நாட்டில் வாயைத் திறந்தால் ஜெயில். பேசாமல் இருந்தால் நான் கோழையா, பற்றில்லாதவனா?

இரண்டும் இல்லை. பிள்ளை குட்டியோடு இருப்பவரிடம் போய்த் தியாகம் செய் என்று பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்லக் கூடாது. ஆனால் பேசுவதற்கும் சும்மா இருப்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

1943 பிப்ரவரி 18 அன்று மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஹிட்லருக்கு எதிரான துண்டறிக்கைகளை வீசினார்கள் ஹான்ஸ் ஷோலும் அவர் தங்கை சோஃபியும். அங்கே வேலை பார்த்த ஊழியர் ஒருவர் அவர்களைப் பிடித்துக் கொடுத்தார். நான்கே நாளில் விசாரணை, அன்றைக்கே மரண தண்டனை. ஹான்ஸுக்கு 24 வயது, சோஃபிக்கு 21. பிடித்துக் கொடுத்தவரைப் பல்கலைக்கழகத்தில் திரண்ட மாணவர்கள் கைதட்டி வாழ்த்தினார்கள். அந்த மாணவர்கள் ஒவ்வொருவரும் துண்டறிக்கை வீசியிருக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். நானாக இருந்தால் வீசியிருப்பேனா என்று எனக்கே உறுதியில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் அறையிலேயே இருந்திருக்கலாம். இன்றைக்கும், பேச முடியாதவர் ஒருவரைத் துரோகி என்று சொல்லும் செய்தியை மற்றவர்களுக்கு அனுப்பாமல் இருக்கலாம். சிறைக்குப் போனவரின் வீட்டில் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று விசாரிக்கலாம். வக்கீல் செலவுக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு, பேரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.